மஞ்சள் கல் ஊரில் நாலு நாள்

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்துக்கு நடுவே ஒற்றைக் குன்றின் மேலும் அதன் அடிவாரத்திலும் பரவிக் கிடக்கும் ஊர் ஜெய்சல்மேர். ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர் 1156இல் தன் தலைநகரை லோதுர்வாவிலிருந்து இந்தக் குன்றுக்கு மாற்றினார். ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத இடத்தில் ஒரு நகரம் செழித்ததற்குக் காரணம் விவசாயம் அல்ல, வழிப்போக்கு. சிந்து, பாரசீகம் பக்கம் போய்வந்த ஒட்டகச் சாத்துகள் பட்டும் அபினும் வாசனைப் பொருள்களும் சுமந்து இவ்வழியே கடந்தன. அரசர்கள் சுங்கம் வாங்கினார்கள், வணிகர்கள் மாளிகை கட்டினார்கள். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் சரக்கு கடல் வழிக்கு மாறியது. 1947 பிரிவினை மிச்சமிருந்த பாதையையும் அடைத்தது. பிறகு 1965, 1971 பாகிஸ்தான் போர்களை ஒட்டி ராணுவத் தேவைக்காகப் பாதை வசதிகள் பெருகின. சுற்றுலா வளர்ந்ததும் அந்தப் பாதைகளின் வழியேதான்.

குடும்பத்தோடு ஓய்வாக இருக்க இந்த ஊர் தோதாக இருப்பதற்கு முதல் காரணம் அதன் அளவு. கோட்டை, மாளிகைகள், ஏரி மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. காலையில் ஓர் இடம், மதிய வெயிலுக்கு அறை, மாலையில் இன்னோர் இடம் என்று வைத்துக்கொண்டால் பாட்டிக்கும் கால் வலிக்காது, பேரனும் சிணுங்க மாட்டான். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுநாள் ஜோத்பூருக்கு ஓடும் பயணத் திட்டங்களே அதிகம் விற்கின்றன. அவற்றில் ஊர் தெரியாது, வண்டியின் ஜன்னல்தான் தெரியும்.

கோட்டை சுமார் 75 மீட்டர் உயரக் குன்றின் மேல் நிற்கிறது. 99 கொத்தளங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள். வாசல்களுக்கிடையே பாதை சட்டென்று திரும்பித் திரும்பி ஏறும். எதிரியின் யானை ஓடிவந்து கதவை முட்டாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பல தலைமுறைக் கால்கள் பட்டுப் பாதைக் கற்கள் வழவழத்துப் போயிருப்பதால் வயதானவர்களுக்கு நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். மதில் விளிம்பில் இன்றும் உருண்டைக் கற்கள் அடுக்கியிருப்பதைக் காணலாம். முற்றுகையிடுவோர் தலையில் உருட்டிவிட வைத்தவை. பிள்ளைகளுக்கு அரச வம்சத்தின் வரலாற்றைவிட இந்தக் கற்கள்தான் பிடிக்கும்.

பெரும்பாலான கோட்டைகளில் காவலாளியும் புறாவும்தான் மிச்சம். இங்கே ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கிறார்கள். சந்துகளில் துணி காய்கிறது, பால்காரரின் மோட்டார் சைக்கிள் வருகிறது, மாடு வழி மறிக்கிறது. அரண்மனையைத் தாண்டிப் போனால் ஒன்றோடொன்று ஒட்டிய சமணக் கோயில்கள். அவற்றின் கீழே உள்ள ஞான பண்டாரத்தில் பழைய ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. கோயில்களுக்குக் காலையில் போவதே நல்லது. தோல் பொருள்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. கோட்டை ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்ந்து 2013இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு வெகு முன்பே வங்காளிகளுக்கு இது சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கோட்டையைக் களமாகக் கொண்ட சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ படம் 1974இல் திரைக்கு வந்த நாளிலிருந்து குளிர்கால விடுமுறைக்குக் கொல்கத்தாக் குடும்பங்கள் திரண்டு வருகின்றன.

தங்குமிடம் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடத்தில் தண்ணீர் சுமந்து வாழ்ந்தவர்களுக்காகக் கட்டிய கோட்டை இது. குழாய்த் தண்ணீரும், அதைத் தொடர்ந்து விடுதிகளும் குளியலறைகளும் வந்தபோது கழிவுநீர் அடியிலுள்ள மென்மையான மண்ணில் கசிந்தது. குன்று இளகி, 1990களில் கொத்தளங்கள் சில சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இந்தக் கோட்டையைச் சேர்த்தது. பழுதுபார்க்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் கோட்டைக்குள் அறை எடுப்பதைவிட வெளியே தங்குவதே சரி. அழகு என்று பார்த்தாலும் அதில் நஷ்டம் இல்லை, கோட்டைக்குள் இருப்பவருக்குக் கோட்டை தெரியாது. கீழே ஒரு விடுதியின் மொட்டை மாடியில் உட்கார்ந்தால் மாலை வெயிலில் மதில் முழுவதும் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறுவதைத் தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அடிவார ஊரில் வணிகர்களின் ஹவேலிகள் இருக்கின்றன. குமான் சந்த் பட்வா என்ற வணிகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய பட்வா ஹவேலி, ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து வீடு என்று நீண்ட வரிசை. கல்லைத் துளைத்துச் செய்த ஜன்னல் தட்டிகள் வெயிலை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. உள்ளிருக்கும் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். நத்மல் ஹவேலியின் கதை வேறு. ஹாத்தி, லாலு என்ற இரண்டு சிற்பிகள், உடன்பிறந்தவர்கள், முகப்பின் வலப் பாதியை ஒருவரும் இடப் பாதியை ஒருவரும் செதுக்கினார்கள் என்பார்கள். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கிட்டே போனால் பூவுக்குப் பூ வித்தியாசம். வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அரைமணி நேரம் அங்கேயே நிற்பார்கள்.

கடிசர் ஏரி இயற்கையானது அல்ல. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் திருத்திக் கட்டிய மழைநீர்த் தேக்கம் அது. பல நூற்றாண்டுகள் ஊர் முழுவதும் இந்தத் தண்ணீரையே நம்பி இருந்தது. இந்திரா காந்திக் கால்வாய் வந்தபிறகு ஏரிக்குக் குடிநீர் வேலை போய்ப் படகு வேலை வந்திருக்கிறது. படித்துறையில் பொரி தூவினால் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். விடியற்காலையே இங்கு நல்ல நேரம்.

தண்ணீரைப் பற்றிய இன்னொரு பாடம் மேற்கே சுமார் 18 கி.மீ. தள்ளி, பாழடைந்த குல்தாராவில் இருக்கிறது. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். ஒரே இரவில் எல்லோரும் சபித்துவிட்டுக் கிளம்பினார்கள், பேய் உலாவுகிறது என்று வழிகாட்டிகள் கதையை நீட்டுவார்கள். கடும் வரி, வற்றிய கிணறுகள் என்று ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் அவ்வளவு சுவாரசியமாக இருப்பதில்லை. பேயைவிட வியக்கத்தக்கது அவர்களுடைய ‘கடீன்’ முறை. பாறைச் சரிவில் வழியும் மழைநீரை அடிவாரத்தில் மண்கரை போட்டு மறிப்பார்கள். தண்ணீர் மண்ணில் இறங்கியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பாலைவனத்தில் கோதுமை விளைந்தது இப்படித்தான். ஜெய்சல்மேர் மாவட்டத்தில் இன்றும் கடீன்கள் பயிராகின்றன.

மணல்மேடுகளுக்கு இரண்டு இடங்கள். ஊருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சம், தென்மேற்கே ஏறத்தாழ அதே தூரத்திலுள்ள குரி. சம்மில் மேடுகள் பெரியவை; கூடாரங்களும் ஒலிபெருக்கியும் மணலில் சீறும் ஜீப்புகளும் அதற்கேற்ப அதிகம். ஓய்வுக்கு வந்தவர்களுக்குக் குரியே மேல். ஒட்டகத்தில் ஏறுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது முதலில் பின்னங்கால்களைத்தான் நிமிர்த்தும். சவாரி செய்பவர் சட்டென முன்னால் சாய்வார், ஆகவே பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்வது நல்லது. உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் பின்சாய்வுதான். ஈரமும் மேகமும் இல்லாததால் பகல் சூடு இரவில் நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. பொழுது சாய்ந்து சிறிது நேரத்திலேயே மணல் காலில் சில்லிடும். காலையில் சீக்கிரம் எழுந்தால் காற்று போட்ட வரிகளுக்குக் குறுக்கே வண்டுகளின் காலடித் தடம் தையல் போட்டதுபோல் ஓடுவது தெரியும்.

இந்த வட்டாரத்தில்தான் 3,162 சதுர கி.மீ. பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்காவும் இருக்கிறது. ஒருகாலத்தில் தமிழகப் புல்வெளிகளிலும் திரிந்த கானமயில் என்ற பறவை இன்று பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் எஞ்சியிருக்கிறது. மின்கம்பிகளில் மோதிச் சாவது அதன் பெரிய ஆபத்து. சம்மில் அவற்றுக்கான இனப்பெருக்க மையம் இயங்குகிறது.

எல்லைப் பக்கம் 1971 போர் நடந்த லோங்கேவாலாவும், எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கும் தனோட் மாதா கோயிலும் உண்டு. போய்வர ஒரு நாள் முழுதும் காருக்குள் கழியும். கைக்குழந்தை இருந்தால் விட்டுவிடலாம்.

இரவில் கேட்க வேண்டியது மாங்கணியார்களின் பாட்டு. பரம்பரையாக ராஜபுத்திர குடும்பங்களுக்குப் பாடும் முஸ்லிம் கலைஞர்கள் இவர்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பாட்டு வைத்திருக்கிறார்கள், கிருஷ்ணன் மீதும் பாடுகிறார்கள். வட்ட வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்திய ‘கமைச்சா’வை வில்லால் இழைப்பார்கள், ‘கட்தால்’ என்ற மரத்துண்டுகள் விரல்களுக்கிடையே படபடக்கும். சினிமாப் பாட்டைக் கேட்காமல், அவர்கள் வீட்டில் பாடுவதைப் பாடச் சொல்லிக் கேட்பது உத்தமம்.

சாப்பாடு தண்ணீர்ப் பஞ்சத்தில் பிறந்தது. கேர்-சங்கரி என்பது பாலைவனப் புதரின் சிறு காயும் வன்னி மரத்தின் நெற்றும் சேர்ந்த வறுவல். இரண்டையும் உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வார்கள். ஊறவைத்து, எண்ணெயும் மிளகாயும் தாராளமாக விட்டுச் சமைப்பதால் நாள்பட்டும் கெடாது. கூடவே கம்பு ரொட்டி, நெய், வெல்லம். காரம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கோதுமை உருண்டையை நொறுக்கி நெய்யும் சர்க்கரையும் கலந்த சூர்மா போதும். கோட்டுவா லட்டு இந்த ஊருக்கே உரிய இனிப்பு.

அக்டோபர் முதல் மார்ச் வரை பருவம். ஏப்ரலுக்குப் பின் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் விடுமுறை விடுமுறையாக இருக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாயும் தேவை. மாக மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா நடக்கும். அந்த நாள்களில் அறை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. சென்னையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ஜோத்பூர் நகரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு நேரடி ரயில்கள் உண்டு. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலிலோ காரிலோ ஐந்தாறு மணி நேரம். டெல்லியிலிருந்து இரவு ரயிலும், பருவ காலத்தில் விமானமும் கிடைக்கும்.