கிளைட்: பழைய சொல், புதிய பயணங்கள்

தடங்கலின்றி, அதிராமல், ஒரே சீராக நகர்வதை ஆங்கிலத்தில் ‘கிளைட்’ என்கிறார்கள். நீரில் அன்னம் போவதும், பனிமேல் சறுக்கு வீரர் போவதும் கிளைட்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ‘கிளீடன்’. ஜெர்மனியர்கள் இன்றும் ‘கிளைட்டன்’ என்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது, என்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர். ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் நாரைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்து, குச்சிச் சட்டத்தில் துணி போர்த்திய வளைந்த இறக்கைகளைச் செய்தார். 1891 முதல் 1896 வரை குன்றுகளிலிருந்து சுமார் 2,000 முறை காற்றில் இறங்கினார். கடைசியில் அப்படி ஒரு பயணத்தில் விழுந்துதான் உயிர்விட்டார். என்ஜின் பொருத்துமுன் ரைட் சகோதரர்கள் கிளைடரில்தான் பயின்றார்கள்.

அசையாத காற்றில் கிளைடர் உண்மையில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த இறக்கம் வேகத்தைத் தருகிறது; வேகம் இறக்கைக்குத் தூக்குவிசையைத் தருகிறது. நல்ல கிளைடர் 1 கி.மீ. உயரம் இழப்பதற்குள் 50 கி.மீ.க்கு மேல் போய்விடும்.

பயணிகள் விமானமும் கிளைடராக மாற நேர்ந்ததுண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும்போது, கிலோவுக்குப் பதில் பவுண்டில் கணக்குப் போட்டுவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில் பறக்கையில் எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானி பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். அங்கே அப்போது கார் பந்தயக்காரர்கள் கூடியிருந்தார்கள்! ஆனாலும் விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். ‘கிம்லி கிளைடர்’ என்றே அந்த விமானத்துக்குப் பெயர் நிலைத்தது.

மொழியியலுக்கும் இந்தச் சொல் வந்திருக்கிறது. ஓர் உயிரொலியிலிருந்து இன்னொன்றுக்கு நாக்கோ உதடோ நழுவும்போது பிறக்கும் ய், வ் ஒலிகள் அங்கே ‘கிளைட்’. ‘மணி அடித்தது’ என்று நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள்: நாக்கு மேலண்ணத்தை ஒட்டிக் கீழிறங்கும்போது ‘மணியடித்தது’ என்று யகரம் தானே நுழைகிறது. ‘பூ அழகு’ சொன்னால், குவிந்த உதடு விரிகையில் வகரம் வரும். இவற்றை நாம் உடம்படுமெய் என்கிறோம். எந்த உயிருக்குப் பின் எது வரும் என்பதை நன்னூலில் பவணந்தி முனிவர் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே விதியாக எழுதிவிட்டார்.