பாதியில் நிற்கும் வீடுகள்: குடும்பக் கடனும் பொருளாதார மீட்சியும்

கிண்ணியா, மூதூர், தோப்பூர் உள்வீதிகளால் ஒரு தரம் போய்ப் பாருங்கள். கூரை ஏறாத வீடு, பூசாத சுவர், ஒரே ஓர் அறையை அடைத்துக் குடியிருக்கும் குடும்பம் என்று பல கண்ணில் படும். இவற்றில் கணிசமானவை பெண்பிள்ளைக்கென்று அத்திவாரம் போட்ட வீடுகள்.

“நாடு தேறிட்டு எண்டு டீவியில சொல்றாங்க சேர். எங்கட ஊடு ஏன் இன்னும் தேறல்ல?” என்று பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு ஓர் உம்மா என்னிடம் கேட்டார். அன்றைக்கு ஒழுங்கான பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நாடு தேறியது என்பது பொய்யல்ல. 2022 செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கம் 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 2022 இலும் 2023 இலும் சுருங்கிய பொருளாதாரம் 2024 இல் 5 வீதம் வளர்ந்தது. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. விலை ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் நடத்திய ஆய்வில், பத்துக் குடும்பங்களில் ஆறின் வருமானம் நெருக்கடியால் குறைந்திருந்தது. செலவு கூடிய குடும்பங்களோ பத்தில் ஒன்பது. இந்த இடைவெளியை நிரப்பியது எது? பெரும்பாலும் கடன்தான்.

வீட்டுக்கும் கடனுக்கும் மீட்சிக்கும் உள்ள தொடர்பை உலகம் உரக்கப் பேசியது, 2008 அமெரிக்க நெருக்கடிக்குப் பிறகு. கணக்கு இலேசானது. 100 இலட்சம் பெறுமதியான வீட்டை ஒருவர் 20 இலட்சம் கைக்காசும் 80 இலட்சம் கடனுமாக வாங்குகிறார் என்று வைப்போம். வீட்டு விலை 20 வீதம் விழுந்தால் அவருடைய 20 இலட்சம் முழுவதும் போய்விடும். கடன் கொடுத்தவரின் 80 இலட்சம் அப்படியே நிற்கும். நட்டம் முதலில் விழுவது கடனாளியின் தலையில். அவர் செலவைச் சுருக்குவார். கடையில் வியாபாரம் படுக்கும். அங்கே வேலை செய்தவருக்கு வேலை போகும். அதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரு பொருளியலாளர்கள் 2014 இல் எழுதிய நூலில் இதைத்தான் காட்டினார்கள்: குடும்பக் கடன் கூடுதலாக இருந்த பகுதிகளிலேயே செலவு கடுமையாக விழுந்தது.

நம்முடைய மாவட்டத்தில் கதை வேறு வழியால் வந்து அதே இடத்தில் முடிகிறது. இங்கே வீட்டின் ரூபாய் விலை விழவில்லை. கட்டுகிற செலவு ஏறியது. திருகோணமலைத் துறைமுகக் கரையிலேயே சீமெந்து ஆலை இருக்கிறது. ஆனாலும் அதற்கான கிளிங்கர் கப்பலில்தான் வருகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, சீமெந்து மூடையும் கம்பியும் அதோடு சேர்ந்து ஏறின. வங்கிக் கடன் வட்டியும் 20 வீதத்தைத் தாண்டியது. பணவீக்கம் கடனைக் கரைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். சம்பளமும் கூடவே ஏறினால்தான் அது நடக்கும். மீன்பிடிக்கும் கூலி வேலைக்கும் போகிற குடும்பத்துக்கு அது நடக்கவில்லை.

அமெரிக்காவில் வீட்டு விலை ஏற ஏற, அந்த வீட்டை வைத்தே மேலதிகக் கடன் எடுத்தார்கள். நம்மூரில் அந்த வேலையைச் செய்தது தங்கம். ரூபாய் விழ, பவுண் விலை ஏறியது. அடகில் கிடந்த அதே காப்புக்கு இன்னும் கொஞ்சம் காசு தந்தார்கள். வாங்கும்போது அது இலாபம் போலத் தெரிந்தது. மீட்கப் போனால்தான் முதலும் வட்டியும் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

இதோடு சேர்கிறது நம் கிழக்கு மாகாண வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடியேறுவதால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். அந்த வீட்டைக் கடனுக்காக விற்க யாரும் மனம் துணிய மாட்டார்கள். வாடகைக்கு விட்டு வருமானம் தேடவும் முடியாது. சொத்து இருக்கிறது, அது கடனை அடைக்க உதவாது. என் தங்கச்சியின் வீட்டுக்காக நான் எடுத்த இடர் கடன் ஆண்டுக்கணக்கில் சம்பளச் சிட்டையில் கழிந்தது. அந்த வருடங்களில் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு எடுத்ததைக்கூட யோசித்து யோசித்துத்தான் எடுத்தேன். நான் செலவழிக்காத காசு புடவைக் கடைக்காரருக்குப் போகாத காசு. ஊரில் நூறு குடும்பம் இப்படி இருந்தால் கடைத்தெரு எப்படித் தேறும்? அந்த உம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்: நாட்டின் வளர்ச்சி வீடு வந்து சேருமுன் தவணை அதை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கடனாளியின் சுமையைக் குறைப்பது தருமம் மட்டுமல்ல, பொருளாதார மருந்தும்கூட. 1933 இல் அமெரிக்க அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக் கடன்களைத் தன் பொறுப்பில் எடுத்து, நீண்ட தவணையில் கட்ட வழிசெய்தது. நம் நாட்டில் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் ‘பராட்டே’ அதிகாரம் 2024 இல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அது தொழில் நடத்துவோருக்கு மூச்சுவிட இடம் தந்தது. அடகில் இருக்கும் ராத்தாவின் காப்புக்கு அது பொருந்தாது.

அந்த இடத்தில்தான் மஹல்லாவுக்கு வேலை இருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், முடிந்தால் விட்டுக்கொடுக்கவும் நம் மார்க்கம் சொல்கிறது. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர். ஸகாத் பங்கிடும்போது, மூழ்கப்போகும் அடகு நகையையும் பள்ளிவாசல் நிர்வாகம் கணக்கில் எடுக்கலாம். நிக்காஹ் பேச உட்காரும்போது “ஊடு முடிஞ்சிட்டா?” என்று கேட்பதற்கு முன் “கடன் எவ்வளவு நிக்குது?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கலாம். இரண்டு அறையோடு தொடங்கி, மிச்சத்தை மாப்பிள்ளையின் உழைப்பும் சேர்ந்து கட்டினால் யாருக்கும் குறையில்லை.

பாதியில் நிற்கும் வீடு வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. வட்டிக்கு வாங்கி அதை முடித்துவிட்டு, பத்து வருடம் அரை வயிறாக இருப்பதுதான் யோசிக்க வேண்டியது.