கடல்மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?

ராஜபாளையத்திலோ சுந்தரபாண்டியத்திலோ வீட்டுக் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைக்க, கடல் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. அதற்கென விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கரைத்தால் கடல்நீர் தயார். அந்த நீரைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. இது கொடிய நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இதில் நஞ்சு குறைவு, ஆனால் சேரச் சேரப் பாசி மண்டும், பவளங்கள் சோர்ந்துபோகும். துளைகள் நிறைந்த பாறைக்குள், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன.

ஆகவே தொட்டியின் முதல் வடிகட்டி பாறைதான். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், பாக்டீரியா குடியிருக்கும் கடல்பாறையான உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டுமே நம்பிப் பவளம் வளர்த்த முறையை 1961இல் எழுதினார். பின்னாளில் ஜெர்மானிய ஆர்வலர்கள் அதனுடன் புரோட்டீன் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். 'பெர்லின் முறை' என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டணிதான் இன்றும் பெரும்பாலான பவளத் தொட்டிகளுக்கு அடிப்படை.

பாறையை எங்கிருந்து பெறுவது? மன்னார் வளைகுடாவிலிருந்து கூடவே கூடாது. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலம் உண்டு. அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அங்குள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கல்பவளங்களும் கடல்விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கையாகச் செய்த துளைப்பாறை போதும். பாக்டீரியா சில வாரங்களில் அதில் குடியேறிவிடும்.

அடுத்த செலவு ஸ்கிம்மருக்கு. நீருக்குள் நுண்குமிழ்களைச் செலுத்தினால், கரைந்திருக்கும் புரதக் கழிவு அவற்றில் ஒட்டி நுரையாக மேலேறி, ஒரு கிண்ணத்தில் பழுப்பு நீராகச் சேரும். கழிவு அம்மோனியாவாக மாறும் முன்பே வெளியேறிவிடுகிறது என்பதே இதன் சிறப்பு. நன்னீரில் இவ்வளவு நுண்ணிய குமிழ் நிற்காது. அதனால்தான் தங்கமீன் தொட்டிகளில் இந்தக் கருவியைப் பார்க்க முடிவதில்லை. நன்னீர்த் தொட்டிக்குப் பழகியவர்கள் முதலில் தேடும் கேனிஸ்டர் வடிகட்டியோ, அடிக்கடி கழுவாவிட்டால் சிக்கிய கழிவை உள்ளேயே அழுகவிட்டு நைட்ரேட்டைக் கூட்டும். கரி போட்டு நீரின் மஞ்சள் நிறத்தை எடுக்க அது உதவும். முழுப் பொறுப்பையும் அதனிடம் விட முடியாது.

இடமிருந்தால் தொட்டியின் கீழே 'சம்ப்' எனப்படும் இரண்டாம் தொட்டி வைக்கலாம். ஸ்கிம்மர் அதில் மறைந்திருக்கும். ஒரு பகுதியில் கடற்பாசி வளர்த்தால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது உறிஞ்சிக்கொள்ளும். வளர்ந்த பாசியை அவ்வப்போது அறுத்தெடுத்தால் சரி.

நம் பகுதிக்கென்று சில கவலைகள் உண்டு. போர்வெல் நீரின் உப்புகளோடு கடலுப்பைக் கலந்தால் கணக்குத் தப்பும். ஆர்.ஓ. நீர் வேண்டும்; ஆனால் சமையலறை இயந்திரங்கள் பலவும் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலக்கின்றன. டி.டி.எஸ். மீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டும் நீரே தகுந்தது. சித்திரை வெயிலில் நீர் 28 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால், கரைந்த ஆக்சிஜன் குறைந்து, மீனும் பாக்டீரியாவும் ஒருசேரத் திணறும். அந்நாட்களில் சில்லர் இல்லாமல் பவளம் தாங்காது. மின்சாரம் போனால் ஓட, பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம்.

எல்லாம் பொருத்தியதும் மீனை விட்டுவிடக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் ஓடவிட்டு, சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் மீனாகக் கோமாளி மீனை விடலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இவ்வகை மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டியிருக்கிறது. அப்படித் தொட்டியில் பிறந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்கினால், கடலிலிருந்து ஒரு மீனைக்கூடப் பிடிக்க வேண்டியிராது.