விசா 5 வருஷம். தங்குவது 90 நாள்! "மலேசியா மாமா" ஊருக்கு வந்தால் கவனிக்க வேண்டியது என்ன?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் விசாரித்தால் "எங்களுக்கு மலேசியாவில் சொந்தம் இருக்கு" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தக் காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்து ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களின் மகன்கள், பேரன்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் கோலாலம்பூரில் விமானம் ஏறி, திருச்சியில் இறங்கி, பெட்டியும் படுக்கையுமாக ஊருக்கு வந்து சேருகிறார்கள்.

கார்த்திகையில் வந்தால் பொங்கல் பார்க்கலாம். மாசியில் குலதெய்வத்துக்குப் படையல், பிறகு பங்குனி உத்திரம். சித்திரை வெயில் ஏறும்போது கிளம்பிவிடலாம். இது அவர்கள் போடும் கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் விசா கணக்கு வேறு!

"என்ன சார், அஞ்சு வருஷ விசா கையில இருக்கே?" என்பார்கள். இருக்கிறது. ஐந்து வருஷ இ-டூரிஸ்ட் விசா 2019-ல் வந்தது. ஐந்து வருஷம் என்பது வந்து வந்து போவதற்கான காலம். ஒருமுறை வந்தால் தொடர்ந்து தங்குவதற்கு விதித்த வரம்பு 90 நாள்தான். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஜப்பான் பிரஜைகளுக்கு மட்டும் 180 நாள். மலேசியாக்காரர் அந்த நாலில் இல்லை.

கார்த்திகை முதல் தேதி வந்து இறங்கினால் மாசி பிறக்கும்போதே 90 நாள் தீர்ந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு அவர் இங்கே இருக்க முடியாது.

தாண்டினால் என்ன?

ஒரு வாரம்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2025 செப்டம்பர் 1-ந்தேதி புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 1946-ம் வருஷத்துப் பழைய சட்டம் போய்விட்டது. விசா காலம் கடந்து தங்கினால் 3 வருஷம் வரை ஜெயில், அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாலும் அனுமதி இல்லாமல் ஏற முடியாது. 70 வயதுப் பெரியவரை இப்படி அலைய விடலாமா?

வீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். "சி ஃபாரம்" என்று லாட்ஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். லாட்ஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டில் தங்க வைத்தாலும் கொடுக்க வேண்டும். சொந்த மாமாவாக இருந்தாலும் பாஸ்போர்ட் வேறு நாடு என்றால் வெளிநாட்டவரே.

மாமாவைக் குடும்பத்தோடு கல்வராயன்மலைக்கு அழைத்துப் போகிறீர்களா? வெள்ளிமலையில் ராத்தங்கல் என்றால் பாஸ்போர்ட்டும் கூடவே வரட்டும்.

தாத்தாவின் காகிதம்

வருஷா வருஷம் வந்து மாதக்கணக்கில் இருக்க ஆசைப்படுகிறவருக்கு வழி இருக்கிறது. அதுதான் ஓ.சி.ஐ. அட்டை. 2005-ல் வந்த திட்டம். 1950 ஜனவரி 26-ந்தேதி இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது குடிமகன் ஆகத் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் கேட்கலாம். கிடைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் விசா. எத்தனை நாள் தங்கினாலும் பதிவு செய்யச் சொல்ல மாட்டார்கள். ஓட்டு கிடையாது. காடு கழனி வாங்கவும் முடியாது. வீடு வாங்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், தாத்தா இந்த ஊர்க்காரர் என்று காட்டுவதில்! அவர் கப்பல் ஏறியபோது இது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு. 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 26-ந்தேதி முதல் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம். ஒரே ஊருக்கு மூன்று மாவட்டப் பெயர்! கல்வராயன்மலை சேதி இன்னும் வேறு. 1976 வரை அது ஜாகிர்தார்கள் கையில் இருந்த பூமி. பழைய ரிக்கார்டு தேடுகிறவர்கள் எந்த வருஷம் எந்த ஜில்லா என்று எழுதி வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. பரணில் கிடக்கும் பழைய பத்திரத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இங்கிருந்து போகிறவர்கள்

நாள் எண்ணும் தொல்லை எல்லா ஊரிலும் உண்டு. கனடாவில் பனிக்குப் பயந்து ஃபுளோரிடாவுக்கு ஓடும் கிழவர்களுக்கு விசாவே தேவை இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்கா பொதுவாக விடாது.

நம்ம ஊர் ரிட்டயர்டு வாத்தியார் மகள் வீட்டுக்குக் கோலாலம்பூர் போகிறார். விசா இல்லாமல் போகலாம் என்ற மலேசியாவின் சலுகை 2023 டிசம்பர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. 2026 டிசம்பர் 31-ந்தேதி வரை என நீட்டித்தார்கள். ஆனால் 30 நாள்தான். பேரன் பிறந்து குளிப்பாட்டி முடிவதற்குள் தீர்ந்துவிடும். அமெரிக்க விசா பத்து வருஷத்துக்குக் குத்துவார்கள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். கனடாவின் "சூப்பர் விசா" வாங்கிய பெற்றோர், 2022 ஜூலை முதல் ஒரே மூச்சில் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். நேபாளத்துக்கு நமக்கு விசா கிடையாது.

இன்னொன்று. மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். பேரனைக் கொஞ்சுகிற சந்தோஷத்தில் இதை மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். டிக்கெட் போடுவதற்கு முன்பே பென்ஷன் கொடுக்கும் பாங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.