மூன்று பெட்டி வேண்டாம், ஒன்று போதும்

மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் என்லார்ஜரை விலைக்கு வாங்கிவிட்ட வாலாஜாபாத் வாசகர், எந்தப் பேப்பர் வாங்குவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். டெவலப்பர், ஹைப்போ எல்லாம் அவருக்கு அத்துப்படி. நேரே தாளுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் புழங்கியது கிரேடு பார்த்து வாங்கும் ப்ரோமைடு பேப்பர். 1960-இல் தொடங்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்கூட 'இந்து' என்ற பெயரில் தாள் தயாரித்தது. நெகடிவ் சப்பென்று இருந்தால் ஹார்டு, முரட்டுக் கறுப்பு வெள்ளையாக இருந்தால் சாஃப்ட், மற்றதற்கு நார்மல். ஆக மூன்று பெட்டி.

1940-இல் இல்ஃபோர்டு கொண்டுவந்த மல்டிகிரேடு, மூன்றையும் ஒன்றாக்கியது. எனக்கு அலுக்காத அதிசயம் இது. உங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற மயில்கழுத்துப் பட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், வெளிச்சத்துக்குத் தக்கபடி நீலமும் பச்சையுமாக மாறும். இன்றைய மல்டிகிரேடு தாளிலும் ஒரே பூச்சுக்குள் பல வகை வெள்ளி உப்புக் கலவைகள் உண்டு. நீல ஒளி பட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் கறுக்கும்; சாம்பலுக்கு இடம் குறைந்து படம் ஹார்டாகும். பச்சை ஒளிக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சாம்பல் படிகள் கூடிப் படம் சாஃப்டாகும். மெஜெந்தா ஃபில்டர் பச்சையைத் தடுக்கும், மஞ்சள் நீலத்தைத் தடுக்கும். வானத்துக்கு ஒரு கிரேடு, கோபுரச் சிற்பங்களுக்கு இன்னொரு கிரேடு என்று ஒரே படத்திலேயே கையால் மறைத்து மறைத்துக் காட்டலாம். ஸ்டுடியோவின் பழைய மஞ்சள் விளக்கை மட்டும் மாட்டிவிடாதீர்கள். பச்சையையும் உணர்கிற தாளுக்குச் சிவப்பு விளக்கே நல்லது.

அடுத்து, ஆர்.சி.யா ஃபைபரா? ஆர்.சி. தாளுக்கு இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. இரண்டு நிமிடம் அலசினால் போதும். ஃபைபர் வெறும் காகிதம், ஹைப்போவைக் குடித்துவிடும். ஒரு மணி நேரம்கூட அலச வேண்டியிருக்கும். நம் வீட்டுக் கல்யாணப் படங்கள் பல பழுப்பேறிப் போனதற்கு வயது மட்டுமல்ல, தண்ணீரில் காட்டிய கஞ்சத்தனமும் காரணம்.

முதலில் ஆர்.சி. மல்டிகிரேடு வாங்குங்கள். கை பழகியபின், சுவரில் மாட்டும் ஒன்றிரண்டுக்கு ஃபைபர். ஊட்டி ஆலை மூடிவிட்டது. கிடைப்பது இறக்குமதிச் சரக்கு, விலை கடிக்கும். முழுத் தாளை எடுக்குமுன் இரண்டு விரல் அகலத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.