உயர்தர ‘டாக்’ கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டில் நல்ல சங்கீதம் கேட்க விரும்பி, ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி முடித்தவர்கள் அநேகமாக அடுத்து வந்து நிற்கும் கேள்வி, எண்களாகப் பதிவாகியிருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றித் தரும் ‘டாக்’ கருவிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதே. சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் வரை விலைபோகும் இச்சாதனத்தைப் பற்றி விளம்பரங்கள் கூறும் விசேஷங்களுக்கு அளவில்லை. ஆகையால், அது செய்யும் காரியம் இன்னதென்று முதலில் அறிந்துகொண்டால்தான், கொடுக்கும் பணத்தில் எவ்வளவு செவிக்குப் பிரயோஜனப்படுகிறது, எவ்வளவு பெட்டியின் அலங்காரத்துக்கும் பெயருக்கும் போகிறது என்று நிதானிக்க முடியும்.

1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒலியலை விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாக, அதாவது 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. அளவுக்கும் அளவுக்கும் இடையே இருந்த ஒலி தொலைந்துபோய், படிக்கட்டு போன்ற வடிவமே மிஞ்சுகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது தவறான அபிப்பிராயம். ஓர் அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளந்தால், அந்த அளவுகளைக் கொண்டே மூல அலையை முழுமையாக மீட்டுவிடலாம் என்பதை 1949-ல் அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் தம் கட்டுரையில் கணித பூர்வமாக நிரூபித்தார். மனிதச் செவியின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ் ஆகையால், 44,100 என்பது போதுமான வேகமே. டாக் கருவியின் கடமை, அந்த எண்களிலிருந்து வழுவழுப்பான மூல அலையை மீண்டும் எழுப்பி, அந்த முயற்சியில் உடன் பிறக்கும் வேண்டாத உயர் அதிர்வுகளை வடிகட்டி நீக்குவதாகும்.

இதைச் செய்யப் பிரதானமாக இரண்டு மார்க்கங்கள் உண்டு. மின்தடைகளை ஏணி போல் அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய மின்னழுத்தத்தை நேரே கூட்டித் தருவது முதலாவது. இதில் 16 பிட் துல்லியம் வேண்டுமானால், தலைமைப் பிட்டுக்குரிய தடையின் பிழை லட்சத்தில் மூன்று பங்கைக்கூடத் தாண்டலாகாது என்பதால், இவ்வகைக் கருவியைப் பழுதின்றிச் செய்வது கடினமும் செலவுமாகும். ‘டெல்டா சிக்மா’ எனப்படும் மற்றொரு முறையில், மிகச் சில பிட்டுகளை விநாடிக்குப் பல லட்சம் தடவை விரைவாக மாற்றி, அதனால் எழும் இரைச்சலைச் செவிக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இன்று விற்கும் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையே. ஏணி முறைக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு என்றாலும், முறையின் பெயரைக் கொண்டு தரத்தை நிர்ணயிப்பது சரியன்று. இரண்டிலும் சிறந்த கருவிகளும் உண்டு, சாமானியமானவையும் உண்டு.

எண்கள் பிழையின்றி வந்தாலும், அவற்றை ஒலியாக்கும் கணம் பிசகினால் அலை சிறிது உருமாறும். தாளம் தவறினால் ஸ்வரம் சுத்தமாக இருந்தும் கீர்த்தனை கெடுவது போன்றது இது. ‘ஜிட்டர்’ என்னும் இக்குறை ஒரு காலத்தில் பெரிய கவலையாக இருந்தது. கணினியின் கடிகாரத்தை நம்பாமல் டாக் கருவி தன் சொந்தக் கடிகாரத்தின்படியே எண்களைக் கேட்டு வாங்கும் ‘அசின்க்ரனஸ்’ யு.எஸ்.பி. முறை பரவிய பின், ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவிகளில் அக்கவலைக்கு இடமில்லை.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களைக் கண்டு மயங்குவதற்கும் காரணமில்லை. 16 பிட் பதிவில், உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது. 24 பிட் கணக்குப்படி 144 டெசிபெல் கிடைக்க வேண்டுமாயினும், மின்தடைகளின் வெப்ப இரைச்சல் குறுக்கிடுவதால், மிகச் சிறந்த கருவிகளும் 20 அல்லது 21 பிட் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரான் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர் துல்லியப் பதிவுகளையும், அவற்றையே குறுந்தகட்டின் அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்டவர்கள், 554 முறைகளில் 276 முறையே சரியாகக் கண்டறிந்தார்கள். நாணயம் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அதே விளைவுதான் கிடைத்திருக்கும். நம்மில் பலர் போற்றிக் கேட்கும், ஐம்பது அறுபதுகளில் காந்த நாடாவில் பதிவான கர்நாடகக் கச்சேரிகளின் இடைவெளியோ 96 டெசிபெலுக்கு மிகவும் குறைவு.

அப்படியானால் உயர்ந்த விலைக்குக் கிடைப்பது என்ன? சிப் மட்டும் அன்று. ஒரே வகைச் சிப், விலை குறைந்த கருவியிலும் அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள கருவியிலும் இருப்பதுண்டு. இங்கிலாந்தின் கார்ட், டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் ஆயத்தச் சிப்பை வாங்காமல் தாமே சுற்றுகளை வடிவமைக்கின்றன. மற்றபடி பணம் மின்வழங்கி, வெளியீட்டுச் சுற்று, பெட்டி, ஒலியளவுக் கட்டுப்பாடு, இணைப்பு வசதிகள் ஆகியவற்றிலேயே செலவாகிறது. வாங்குவோர் கேட்டறிய வேண்டியவையும் இவையே. உங்கள் டி.வி., ஸ்ட்ரீமர், கணினி ஆகிய எல்லாவற்றுக்கும் வேண்டிய இணைப்புகள் உண்டா? சாதாரண ஆர்.சி.ஏ. இணைப்பில் 2 வோல்ட்டும், ‘பாலன்ஸ்டு’ இணைப்பில் 4 வோல்ட்டும் வழக்கமாக வரும் வெளியீட்டை உங்கள் ஆம்ப்ளிஃபையர் தாங்குமா? ஜப்பானிலிருந்து நேரே தருவித்த கருவியானால், அது 100 வோல்ட்டுக்கு உரியதா, நம் 230 வோல்ட்டுக்கு உரியதா? பழுதானால் இந்தியாவில் செப்பனிட ஆள் உண்டா? புதுப்புது ஒலி வடிவங்களின் பெயரைக் கேட்டு அதிகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். 2014-ல் பெரும் ஆரவாரத்துடன் அறிமுகமான எம்.க்யூ.ஏ. என்னும் ஒலி வடிவத்தின் நிறுவனம் 2023-லேயே நொடித்துப்போயிற்று.

இரண்டு கருவிகளை ஒப்பிட்டுக் கேட்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிறிதளவு உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே தெளிவாகவும் உயிர்ப்பாகவும் இருப்பதாகச் செவி நம்பிவிடும். ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் ஒலியொன்றை இசைத்து, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து, இரண்டு கருவிகளின் மின்னழுத்தமும் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாதபடி சரிசெய்த பின்னரே கேட்க வேண்டும்; மாற்றுவதை நண்பரிடம் விட்டு, எது ஒலிக்கிறது என்று அறியாமல் கேட்பது இன்னும் சிரேஷ்டம். தம்புராவின் நாதம் அடங்கும் இடமும், மிருதங்கத்தின் தொப்பி ஒலியும், பழகிய குரல் ஒன்றும் இச்சோதனைக்கு ஏற்றவை.

நல்ல டாக் கருவி ஒலியில் சேர்க்கும் மாசு, லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பீக்கரோ உரத்த மந்திர ஸ்தாயியில் நூற்றுக்கு ஒரு பங்கு மாசை எளிதில் சேர்த்துவிடும். அறையின் சுவர்கள் சில ஸ்வரங்களைப் பத்து டெசிபெல் வரை தூக்கியும் தாழ்த்தியும் காட்டும். ஆதலால், கையிலுள்ள பணத்தை முதலில் ஸ்பீக்கருக்கும், அறையைத் திரைகளாலும் விரிப்புகளாலும் புத்தக அலமாரிகளாலும் பண்படுத்துவதற்கும் செலவிடுங்கள். அதன்பின், அளவீடுகள் வெளிப்படையாக வெளிவந்துள்ள, வேண்டிய இணைப்புகள் கொண்ட, பழுது பார்க்க வசதியுள்ள நடுத்தர விலைக் கருவி ஒன்றை வாங்கினால் போதும். அதற்கு மேற்பட்ட விலையை வேலைப்பாட்டின் மீதுள்ள பிரியத்தால் கொடுப்பவர் தாராளமாகக் கொடுக்கலாம். கூடுதல் சங்கீதம் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுப்பவர், கண்ணை மூடி அந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும்.