பருத்திக் காட்டில் தள்ளாடும் கும்பிடுபூச்சி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் காடுகளில் மானாவாரிப் பருத்தியின் கடைசி எடுப்பு நடக்கும் சமயத்தில், செடிகளின் அடியில் கும்பிடுபூச்சிகள் தள்ளாடிக் கிடப்பதைக் காணலாம். தயிர்க்கடைப் பூச்சி என்றும் இதனைச் சொல்வதுண்டு. பக்கத்துப் புஞ்சையில் தெளித்த மருந்து பட்டுவிட்டதோ, ஏதேனும் நோயோ என விவசாயிகள் ஐயுறுவது இயல்பே. பெரும்பாலும் இரண்டும் இல்லை. பூச்சிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இறக்கை முளைத்த கும்பிடுபூச்சி சில மாதங்களே உயிர் வாழும். ஆண் முந்தி இறந்துவிடும். பெண், முட்டையிட்டு முடித்தபின் தளரும். முதுமை முதலில் கால்களில் தெரியும். பாதக் கணுக்கள் காய்ந்து உதிர்வதால் தண்டைப் பற்றி ஏற முடியாமல் வழுக்கி விழும். குஞ்சுப் பருவமானால் இழந்த காலை அடுத்தடுத்த தோலுரிப்பில் ஓரளவு வளர்த்துக்கொள்ளும். இறக்கை வந்தபின் தோலுரிப்பு கிடையாது, போனது போனதுதான். பிறகு இரையைப் பிடிக்கும் குறி தவறும். நாளடைவில் ஈ அருகில் வந்து உட்கார்ந்தாலும் திரும்பிப் பாராது. இறக்கை ஓரம் கிழிந்து, வயிறு ஒட்டி, கண்ணில் கருந்திட்டுகள் நிலைத்துவிடும்.

கண்ணை வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. இரவில் இதன் கண் முழுவதும் கருப்பது வழக்கம். பகலில், பார்ப்பவர் நகர்ந்தால் கூடவே நகரும் சிறு கரும்புள்ளியும் நல்ல பூச்சிக்கு உள்ளதே. பாட்டிலில் வைத்து வளர்க்கும் பள்ளிப் பிள்ளைகள், தீனி எடுக்கவில்லை என்று குஞ்சைத் தூக்கி எறிந்துவிடுகின்றனர். தோலுரிப்பதற்கு முன் சில நாட்கள் அது பட்டினி கிடக்கும். தலைகீழாகத் தொங்கும்போது தொடாமல் விட்டால் போதும்.

மருந்தினால் சாவது வேறு மாதிரி இருக்கும். உடல் நடுங்கும், கால்கள் இழுத்துக்கொள்ளும். கூடவே பொறிவண்டு, சிலந்தி, தேனீ எல்லாம் ஒரே சமயத்தில் செத்துக் கிடக்கும்.

வயதான பெண் பூச்சியைக் கண்டால் அருகிலுள்ள செடிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். நுரையைக் குழைத்து அப்பிக் காயவைத்தாற்போல் பழுப்பு நிற முட்டைக்கூடு தண்டில் ஒட்டியிருக்கும். காய்ப்புழு, தண்டுக் கூன்வண்டு ஆகியவற்றை ஒழிக்கப் பருத்திமாரைக் காட்டில் விட்டுவைக்காமல் அகற்றுவது அவசியம். ஆனால் அப்படியே கொளுத்தினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பெரித்தாலும் இந்தக் கூடுகளும் சேர்ந்து கருகிவிடும்.

கும்பிடுபூச்சியை முழு நண்பன் என்று புகழ்வது சற்று மிகைதான். தேனீயையும் பிடிக்கும், தன் இனத்தையே தின்னும். என்றாலும் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, புழு ஆகியவற்றைச் செலவின்றி வேட்டையாடும் பிராணியை அடுப்பில் போடுவானேன்?

மாரைப் பிடுங்குமுன் கூடு உள்ள தண்டை மட்டும் ஒரு சாண் நீளம் வெட்டி எடுக்கலாம். கோடையிலும் பசுமை நிற்கும் கிணற்றுத் தோட்டத்திலோ வேலியோரச் செடியிலோ, கூடு முன்பு இருந்த வாக்கிலேயே, எறும்பு ஏறாத இடமாகப் பார்த்துக் கட்டிவிட வேண்டும். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னுமாதலால் எல்லாக் கூடுகளையும் ஒரே செடியில் கட்டலாகாது. கூட்டின் பக்கங்களில் ஊசி குத்தியதுபோல் வட்டத் துளைகள் பல இருந்தால், முட்டைகளைத் தின்று வளர்ந்த சிறு குளவிகள் வெளியேறிவிட்டன என்று பொருள். அத்தகைய கூட்டை மாரோடு விட்டுவிடலாம்.